கம்பி வாசல்வரை வந்துவிட்டது, வீடு பட்டியலில் இல்லை

கிழக்கு லண்டனில் வரிசைவீடு ஒன்றின் மேல்மாடிக்கு நாங்கள் குடிவந்த அன்றே, எதிர்ச்சாரியில் நின்ற கம்பத்தின் உச்சியில் ஃபைபர் பெட்டி பொருத்தப்பட்டிருப்பதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். அதிலிருந்து கிளம்பிய கறுப்புக் கம்பி ஒன்று தெருவைக் கடந்து, எங்கள் சன்னலை ஒட்டி இறங்கி, கீழ்வீட்டுக்குள் போயிற்று. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆகவே பிராட்பேண்ட் இணைப்பு வாங்குவது ஒரு வாரத்து வேலை என்றுதான் நினைத்தேன். அது முடிய ஒன்பது வாரம் ஆயிற்று. அந்த ஒன்பது வாரத்தில் கம்பியைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. குறை முழுவதும் முகவரியில் இருந்தது.

பிராட்பேண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் போஸ்ட்கோடை அடித்ததும் பதினெட்டு முகவரிகள் கொண்ட பட்டியல் விரிந்தது. எங்கள் கட்டடத்தின் எண் அதில் இருந்தது. அந்த எண்ணோடு ‘ஏ’ என்ற எழுத்துச் சேர்ந்த எங்கள் வீடு இல்லை. வாடகை ஒப்பந்தத்திலும், கவுன்சில் வரி ரசீதிலும், மின்கட்டணத்திலும் அந்த எழுத்தோடுதான் எங்கள் முகவரி வருகிறது. வேறு வழி தெரியாமல் வெறும் எண்ணைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த வீட்டில் ஏற்கெனவே இணைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று திரை கேட்டது. நல்லவேளையாக அதற்கு ஆம் என்று சொல்லிவிடவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறிப்போனார்: “தம்பி, எங்கட லைனை வெட்டிப்போடாதேங்கோ. மகள் வீட்டில இருந்துதான் வேலை செய்யிறா.”

ஒரு வீட்டுக்கு ஒரு முகவரிதான் உண்டு என்ற எண்ணத்திலேயே நாம் வாழ்கிறோம். உண்மையில், அதே வீட்டுக்கு அஞ்சல் நிறுவனம் வைத்திருக்கும் பெயர் ஒன்று, கவுன்சில் வைத்திருக்கும் பெயர் ஒன்று, கம்பி போட்ட நெட்வொர்க் வைத்திருக்கும் பெயர் ஒன்று, அந்தக் கம்பியின் மீது சேவை விற்கும் நிறுவனம் வைத்திருக்கும் பெயர் ஒன்று என்று குறைந்தது நான்கு பதிவுகள் தனித்தனியே வளர்ந்து வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு வேலைக்காகத் தொடங்கப்பட்டது. கணினி மூலம் பிராட்பேண்ட் ஆர்டர் செய்யும்போது இந்த நான்கும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் ஆர்டர் நின்றுவிடுகிறது, அல்லது அதைவிட மோசமாக, பக்கத்து வீட்டின் மேல் போய் விழுகிறது.

முதல் பதிவு அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலுடையது. பிரிட்டனில் போஸ்ட்கோடு முறை 1959-இல் நாரிச் நகரில் சோதனையாகத் தொடங்கி, 1966-இல் குரொய்டனிலிருந்து இப்போதைய வடிவில் பரவி, 1974-இல் நாடு முழுவதையும் எட்டியது. தபால் பிரிக்கும் இயந்திரத்துக்காக ஏற்பட்ட முறை அது. இன்று ஏறத்தாழ 18 லட்சம் போஸ்ட்கோடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சராசரியாக 15 முகவரிகள் அடங்குகின்றன. அவற்றின் கீழ் வரும் 3 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளைத் தொகுத்து வைத்திருப்பதுதான் அஞ்சல் முகவரிக் கோப்பு. துறையில் பி.ஏ.எஃப். என்பார்கள். இணையத்தில் எந்தக் கடையில் பொருள் வாங்கினாலும், போஸ்ட்கோடை அடித்தவுடன் விரிகிற பட்டியல் பெரும்பாலும் இந்தக் கோப்பிலிருந்து வருவதுதான்.

இந்தக் கோப்பின் அடிப்படை அலகு வீடு என்று நினைத்தால் தவறு. அதன் அலகு, தபால்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பும் இடம். ஒரு கதவில் ஒரு தபால் துளை இருந்தால், கோப்பைப் பொறுத்தவரை அது ஒரு முகவரி. கதவுக்குப் பின்னால் இரண்டு குடும்பம் இருக்கிறதா, ஐந்து குடும்பம் இருக்கிறதா என்பது தபால்காரருக்குத் தேவையில்லாத செய்தி. கடிதங்கள் ஒரே பாயில் விழும், உள்ளே இருப்பவர்கள் பிரித்துக்கொள்வார்கள். இப்படி ஒரே துளைக்குப் பின்னால் பல குடியிருப்புகள் இருக்கும் இடங்களை ராயல் மெயில் தன் முதன்மைக் கோப்பில் தனித்தனி முகவரிகளாகக் காட்டுவதில்லை. தான் அறிந்தவற்றை ஒரு துணைக்கோப்பில் வைத்து, அதற்குத் தனி உரிமம் கொடுக்கிறது. முதன்மைக் கோப்பை மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தின் கண்ணில் மேல்மாடி வீடு படவே படாது. கடிதம் சேர்ப்பதற்கு இது முற்றிலும் போதுமான ஏற்பாடு. ஃபைபருக்கு இது போதாது, ஏனென்றால் ஃபைபர் பாயில் விழுந்து கிடக்க முடியாது. அது ஒரு குறிப்பிட்ட மாடியில், ஒரு குறிப்பிட்ட சுவரில், ஒரு குறிப்பிட்ட சந்தாதாரரின் பெயரில் போய் முடிய வேண்டும்.

ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், ஹாரோ என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் இத்தகைய வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கென விக்டோரியா, எட்வர்டு காலங்களில் கட்டப்பட்ட வரிசைவீடுகள் பின்னாளில் கீழ், மேல் என்று பிரிக்கப்பட்டன. ஒரு முன்வாசல், உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு கதவு, நேரே படிக்கட்டு, படி முடியும் இடத்தில் இன்னொரு கதவு. வெளியே இரண்டு அழைப்பு மணிகள் இருக்கும், அவற்றில் ஒன்றில் பெயர் அழிந்துபோயிருக்கும். படிக்க வந்த மாணவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் முதலில் தங்குவது இத்தகைய மாடிகளில்தான்.

இரண்டாவது பதிவு கவுன்சிலுடையது. தெருவுக்குப் பெயர் வைப்பதும் வீட்டுக்கு எண் கொடுப்பதும் பிரிட்டனில் உள்ளாட்சியின் சட்டப்படியான அதிகாரம். அதற்கு அடிப்படையான சட்டங்களில் ஒன்று 1847-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கட்டடம் எழும்போதும், ஒரு வீடு இரண்டாகப் பிரியும்போதும், உரிமையாளர் கவுன்சிலின் பெயரிடும் பிரிவுக்கு விண்ணப்பித்துப் புதிய முகவரி பெற வேண்டும். கவுன்சில் அந்தச் சொத்துக்கு ஒரு தனி எண்ணும் கொடுக்கிறது. யு.பி.ஆர்.என். எனப்படும் அந்த எண் அதிகபட்சம் 12 இலக்கம் கொண்டது. திட்ட அனுமதிக் கட்டத்திலிருந்து இடிக்கப்படும்வரை மாறாமல் கூடவே இருக்கும். தெருப்பெயர் மாறலாம், கதவெண் மாறலாம், இந்த எண் மாறாது. உள்ளாட்சிகளின் பதிவேடுகள் அனைத்தையும் ஜியோபிளேஸ் என்ற அமைப்பு ஒன்றாகச் சேர்க்கிறது. ஆர்டினன்ஸ் சர்வே என்ற அரசு நிலப்பட நிறுவனமும் உள்ளாட்சிச் சங்கமும் கூட்டாக நடத்தும் அமைப்பு அது. அங்கிருந்து அட்ரஸ்பேஸ் என்ற பெயரில் 2011 முதல் தரவு விற்பனைக்கு வருகிறது.

ஆனால் பிரித்தவர் விண்ணப்பித்தால்தானே பதிவு உண்டாகும்? வீட்டுச் சொந்தக்காரர் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, ஒரு சமையலறையைக் கூட்டி, மாடியை வாடகைக்கு விடுகிறார். வரி கட்டுகிறார், மின்மீட்டர் தனியாக வாங்குகிறார். பெயரிடும் பிரிவுக்கு மட்டும் தாள் போகவில்லை. அப்போது அந்த வீடு வரி அலுவலகத்துக்குத் தெரிந்ததாகவும் முகவரிப் பதிவேட்டுக்குத் தெரியாததாகவும் நிற்கிறது. ஒரே கவுன்சிலின் இரண்டு மேசைகளுக்கு இடையிலேயே இப்படி இடைவெளி விழுந்துவிடுகிறது. எங்கள் விஷயத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கவுன்சிலின் பதிவேட்டில் நாங்கள் இருந்தோம், ஆனால் ‘12ஏ’ என்ற பாணியில் இல்லை, ‘முதல் மாடி ஃபிளாட், 12’ என்ற பாணியில் இருந்தோம். (எண்ணை மாற்றிச் சொல்கிறேன்.)

இந்தப் பாணி வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் உள்முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரே மேல்மாடியை ‘12ஏ’ என்றும், ‘ஃபிளாட் ஏ, 12’ என்றும், ‘ஃபிளாட் 2, 12’ என்றும், ‘முதல் மாடி ஃபிளாட், 12’ என்றும் நான்கு விதமாக எழுதலாம். நான்கும் பிரிட்டனில் புழக்கத்தில் உள்ள வடிவங்களே. வாசலில் நிற்கும் மனிதர் ஒரு நொடியில் நான்கும் ஒன்று என்று புரிந்துகொள்வார். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் கணினிக்கு அவை நான்கு வீடுகள். எழுத்துகளைத் தளர்த்தி ஒப்பிடச் சொன்னால் இன்னொரு ஆபத்து வருகிறது. ‘ஏ’ என்பது கீழ்த்தளமா மேல்தளமா என்பதற்கு எந்த விதியும் இல்லை. சில தெருக்களில் கீழ்த்தளம் ‘ஏ’, மேல்தளம் ‘பி’. சில தெருக்களில் கீழ்த்தளத்துக்கு வெறும் எண், மேல்தளத்துக்கு ‘ஏ’. அடுத்தடுத்த இரண்டு வீடுகளிலேயே இது மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே ஊகித்துப் பொருத்தும் மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டாலும், அதற்குத் தேவையான செய்தி எழுத்துகளுக்குள் இல்லவே இல்லை. அது அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்த்தவருக்கு மட்டும் தெரிந்த செய்தி.

மூன்றாவது பதிவு நெட்வொர்க்குடையது. பிரிட்டனின் தொலைபேசிக் கம்பிகளில் பெரும்பகுதியைப் பராமரிப்பது பி.டி. (பிரிட்டிஷ் டெலிகாம்) குழுமத்தின் கீழ் 2006-இல் தனிப் பிரிவாக ஏற்பட்ட ஓப்பன்ரீச். அதன் முகவரிப் பதிவு தபாலுக்காக உண்டானதன்று. பல பத்தாண்டுகளாக எந்தக் கம்பி எந்தக் கட்டடத்துக்குள் போகிறது என்று ஊழியர்கள் குறித்துவைத்த பதிவுகளின் வழித்தோன்றல் அது. அதில் ஒவ்வொரு முகவரிக்கும் நெட்வொர்க்கின் சொந்தச் சாவி எண் ஒன்று உண்டு. ஆர்டர் போக வேண்டுமானால் வாடிக்கையாளர் சொல்லும் முகவரி அந்தச் சாவியோடு பொருந்த வேண்டும். துறையில் வேலை செய்பவர்கள் இந்தப் பொருத்தத்தைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்துப் பேசுவார்கள். தங்கம் என்றால் நெட்வொர்க்கின் பதிவோடு உறுதியாகப் பொருந்திவிட்டது என்று பொருள், ஆர்டர் தானாக ஓடும். அதற்குக் கீழே இருப்பவற்றை ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். இணையதளத்தில் ‘இந்த முகவரிக்கு இப்போது ஆர்டர் செய்ய இயலாது’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தத் தரக்குறைவுதான். படிப்பவரோ தன் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை என்று முடிவுசெய்துகொள்கிறார்.

முன்பெல்லாம் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போக ஒரு வழி இருந்தது. வீட்டில் தொலைபேசி எண் இருந்தால் அதைக் கொடுத்தாலே போதும், எண்ணைக் கொண்டு கம்பியைக் கண்டுபிடித்துவிடுவார்கள், முகவரி எப்படி எழுதப்பட்டிருந்தாலும் கவலையில்லை. 2023 செப்டம்பரிலிருந்து பழைய தொலைபேசி இணைப்புகளைப் புதிதாக விற்பது நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதியில் மூடுவதாக இருந்து, பின்னர் 2027 சனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தொலைபேசி எண் என்ற அடையாளம் இப்படி மெல்ல விலகிக்கொள்ள, அடையாளத்தின் முழுச் சுமையும் முகவரியின் தலையில் ஏறியிருக்கிறது. இந்த மாற்றத்தின் இப்பக்கம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

நான்காவது, விற்பவரின் பதிவு. பிரிட்டனில் வாடிக்கையாளர் பணம் கட்டும் நிறுவனமும் கம்பி போட்ட நிறுவனமும் பெரும்பாலும் வேறுவேறு. இடையில் மொத்த விற்பனையாளர் ஒருவரும், முன்னால் விலை ஒப்பீட்டுத் தளம் ஒன்றும் இருக்கலாம். ஒவ்வொருவரும் முகவரித் தரவை ஒருமுறை வாங்கித் தம் கணினியில் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ராயல் மெயில் தன் கோப்பை நாள்தோறும் திருத்துகிறது. அதை நாள்தோறும் வாங்குபவரும் உண்டு, மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வாங்குபவரும் உண்டு. அட்ரஸ்பேஸின் விரிவான வடிவங்கள் நீண்டகாலமாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெளியாகி வந்திருக்கின்றன. ஆக, மூல இடத்தில் இன்று செய்த திருத்தம் ஒரு நிறுவனத்தின் திரையில் நாளையும், இன்னொன்றின் திரையில் அடுத்த பருவத்திலும் தெரிகிறது. ஒரு தளத்தில் கிடைக்கிற வீடு இன்னொரு தளத்தில் கிடைக்காமல் போவதற்கு இதுவே சாதாரணக் காரணம்.

புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளில் இந்தக் காலதாமதம் கூர்மையாகத் தெரியும். கட்டுநர் நெட்வொர்க்கோடு ஒப்பந்தம் செய்யும்போது தெருவுக்குப் பெயர் இருக்காது, ‘மனை 14’ என்பதுபோன்ற எண்தான் இருக்கும். கம்பிகள் அந்த எண்ணில் பதிவாகின்றன. பிறகு கவுன்சில் தெருவுக்குப் பெயர் வைத்து, மனை 14-க்குக் கதவெண் 27 என்று கொடுக்கிறது. ராயல் மெயிலோ, திட்டத்தில் உள்ள வீடுகளை ‘இன்னும் கட்டப்படாதவை’ என்ற தனிக்கோப்பில் வைத்திருந்து, தபால் சேர்க்கும் நிலை வந்த பிறகே முதன்மைக் கோப்புக்கு மாற்றுகிறது. இங்கிலாந்தில் 2022 டிசம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்த கட்டட விதி, புதிய வீடுகளுக்கு மிக வேகமான கிகாபிட் இணைப்புக்கான ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. கம்பியைப் பற்றி விதி வந்துவிட்டது. மனை எண்ணையும் கதவெண்ணையும் குடியேறும் நாளுக்கு முன்பே இணைத்துவைக்கும் பொறுப்பை அது யார்மீதும் அதே உறுதியோடு சுமத்தவில்லை. சுவரில் புதுப்பெட்டி பச்சை விளக்கோடு தயாராக இருக்க, குடிவந்தவர் கைபேசித் தரவில் வாரக்கணக்காக ஓட்டும் நிலை இப்படித்தான் வருகிறது.

அடுக்குமாடிகளில் வேறொரு வகைத் தவறு நேர்கிறது. முகவரி பொருந்திவிடும், இணைப்பும் கிடைக்கும் என்று திரை சொல்லிவிடும். ஆனால் கட்டடத்துக்குள் கம்பி இழுக்க நிலவுரிமையாளரின் வேலீவ் எனப்படும் அனுமதி வாங்கப்படவில்லை என்பது தொழில்நுட்பர் வாசலுக்கு வந்த பிறகே தெரியவரும்.

முகவரி கிடைக்காமல் போவதைவிடத் தவறான முகவரி கிடைத்துவிடுவது கொடியது. பழைய குடியிருப்பாளர் விட்டுச்சென்ற கம்பியைப் புதியவர் எடுத்துக்கொள்வது இங்கே வழக்கமான நடைமுறை. அந்த நடைமுறையில் மேல்வீட்டுக்குப் போட்ட ஆர்டர் கீழ்வீட்டுக் கம்பியோடு பொருந்திவிட்டால், கீழ்வீட்டுக்காரர் கேட்காமலேயே அவருடைய சேவை மாற்றப்பட்டுவிடலாம். அவருடைய நிறுவனம் முன்கூட்டி அறிவிப்பு அனுப்பும் என்பது உண்மை. அது விளம்பரக் கடிதம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டால் குறித்த நாளில் இணைப்பு போய்விடும். எங்கள் கீழ்வீட்டு அக்கா பதறியது வீண் பதற்றம் இல்லை. அவருக்கு முந்தைய வீட்டில் ஒருமுறை அப்படி நடந்திருந்தது. பிறகு அதைத் திரும்பப் பெற மறுபடியும் முகவரியை நிரூபிக்க வேண்டியிருந்தது.

2024 செப்டம்பர் 12 அன்று தொடங்கிய ‘ஒன் டச் ஸ்விட்ச்’ முறையும் இதே பொருத்தத்தின் மீதுதான் நிற்கிறது. நிறுவனம் மாற விரும்புபவர் புதிய நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும், அது டாட்ஸ்கோ என்ற பொதுமையம் வழியாகப் பழைய நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பும், பெயரும் முகவரியும் பொருந்தினால் மாற்றம் நடக்கும். வாடிக்கையாளருக்கு மிக நல்ல ஏற்பாடு இது, இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் புதியவர் ‘12ஏ’ என்று அனுப்ப, பழையவரிடம் ‘முதல் மாடி ஃபிளாட்’ என்று இருந்தால், ‘அப்படியொரு வாடிக்கையாளர் எங்களிடம் இல்லை’ என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு இருக்கிறது. அந்தச் செய்தியில் யு.பி.ஆர்.என். எண்ணைச் சேர்த்து அனுப்புவதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். இரு தரப்பும் அதைச் சரியாக வைத்திருந்தால் எழுத்துவேறுபாடு பொருட்டாகாது.

இவ்வளவு தெரிந்த சிக்கல் ஏன் தீரவில்லை என்று கேட்டால், இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஒன்று, முகவரி கிடைக்காமல் நின்றவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் மேற்பார்வையில் 2019 ஏப்ரல் 1 முதல் தானியங்கி இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த நிறுவனங்கள், சொன்ன தேதியில் சேவை தொடங்காவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் அது 5 பவுண்டாக இருந்தது, விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறி வருகிறது. ஆனால் தேதி சொல்லப்படுவது ஆர்டர் ஏற்கப்பட்ட பிறகுதான். முகவரி பொருந்தாதவரின் ஆர்டர் ஏற்கப்படவே இல்லை. ஆகவே தாமதம் இல்லை, தாமதம் இல்லாததால் இழப்பீடும் இல்லை, இழப்பீடு இல்லாததால் அதைச் சீர்செய்யும் அவசரம் நிறுவனத்துக்கும் இல்லை. ஒன்பது வாரமும் நான் காத்திருந்தது அவர்கள் கணக்கில் சுழிய நாள். இதைச் சரிசெய்வது கடினமான காரியமாகவும் எனக்குத் தோன்றவில்லை: முகவரி இல்லை என்று வாடிக்கையாளர் தெரிவித்த நாளிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினால் போதும்.

இன்னொரு காரணம், முகவரித் தரவு யாருக்குச் சொந்தம் என்பது. ராயல் மெயிலின் பங்குகள் 2013 அக்டோபரில் சந்தைக்கு வந்தபோது முகவரிக் கோப்பும் அதோடு தனியார் வசமாயிற்று. நாடாளுமன்றக் குழு ஒன்று மறு ஆண்டே அதைத் தவறு என்று சாடியது. 2025-இல் நிறுவனம் செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் க்ரெட்டின்ஸ்கியின் குழுமத்துக்குக் கைமாறியபோது கோப்பும் கூடவே போயிற்று. 2020 சூலை முதல் யு.பி.ஆர்.என். எண்களையும் நிலப்படத்தில் அவற்றின் இடத்தைக் குறிக்கும் ஆயங்களையும் அரசு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த எண் எந்த முகவரி என்று சொல்லும் எழுத்துப் பகுதி அதில் இல்லை, அதற்கு உரிமம் வாங்க வேண்டும். பூட்டின் எண்ணைக் கொடுத்துவிட்டு எந்தக் கதவின் பூட்டு என்பதைச் சொல்லாமல் வைத்திருப்பதைப் போல அது நிற்கிறது. ஒரே கட்டடத்தின் கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் ஆயங்கள் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து இல்லாத எண்ணால் பயன் மிகக் குறைவு.

மாற்றுவழியில் போன நாடுகள் இருக்கின்றன. டென்மார்க் 2002-இலேயே தன் அதிகாரபூர்வ முகவரித் தரவைக் கட்டணமின்றித் திறந்தது. 2005 முதல் 2009 வரை அதனால் கிடைத்த நேரடிப் பயன் சுமார் 6 கோடியே 20 லட்சம் யூரோ என்றும், செலவு ஏறத்தாழ 20 லட்சம் யூரோ என்றும் அந்நாட்டு அரசு அமைப்பே பின்னர் கணக்கிட்டது. அயர்லாந்தின் நிலை பிரிட்டனைவிடச் சிக்கலாக இருந்தது. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களின் முகவரி இன்னொன்றோடு ஒத்திருந்தது, ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் தவிர வேறு அடையாளம் கிடையாது. 2015 சூலையில் எயர்கோடு வந்தது. எழுத்தும் எண்ணுமாக ஏழு இடங்கள் கொண்ட அந்தக் குறியீடு தெருவுக்கு ஒன்று என்றில்லாமல் வீட்டுக்கு ஒன்று, அடுக்குமாடியில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒன்று. அந்நாட்டின் தேசிய பிராட்பேண்ட் திட்டத்தில் தன் வீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒருவர் எயர்கோடை அடித்தால் போதும்.

பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதியே பழகிய சென்னைவாசிகளுக்கு இந்தக் குழப்பம் அந்நியமாக இருக்காது. இந்திய அஞ்சல்துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின், நிலத்தை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. தனிவீட்டைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆறு மாடிக் கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள ஆறு வீடுகளுக்கும் ஒரே குறியீடுதான் வரும் என்பதால், பிரிட்டனின் மேல்மாடிச் சிக்கல் அங்கே அப்படியே மிஞ்சி நிற்கும்.

முகவரி கிடைக்காமல் நிற்பவர்களுக்கு நான் பட்டு அறிந்தவற்றைச் சொல்கிறேன். பட்டியலில் உள்ள நெருக்கமான முகவரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘வருகிற தொழில்நுட்பரிடம் சொல்லிக்கொள்ளலாம்’ என்று மட்டும் விட்டுவிடக் கூடாது, அது பக்கத்து வீட்டாரின் இணைப்பில் கைவைப்பது. முதலில் ராயல் மெயிலின் போஸ்ட்கோடு தேடலில் தங்கள் வீடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து ஜியோபிளேஸ் நடத்தும் முகவரித் தேடல் தளத்தில் தங்கள் வீட்டின் யு.பி.ஆர்.என். எண்ணை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே இல்லையென்றால் கவுன்சிலின் பெயரிடும் பிரிவுக்குத்தான் போக வேண்டும், அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் வீட்டு உரிமையாளர். கவுன்சில் பதிவு இல்லாமல் ராயல் மெயிலிடமோ நிறுவனத்திடமோ எத்தனை முறை பேசினாலும் நகராது. பதிவு இருந்தால், நிறுவனத்திடம் புகாராகச் சொல்லாமல், நெட்வொர்க்கிடம் முகவரிப் பொருத்தக் கோரிக்கை எழுப்பும்படி குறிப்பாகக் கேட்க வேண்டும். இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகுதான் எங்கள் தொலைபேசி அழைப்பு விற்பனைப் பிரிவைவிட்டு நகர்ந்தது. அதோடு வாசலின் படமும், இரண்டு அழைப்பு மணிகளின் படமும், கவுன்சில் வரி ரசீதும் அனுப்பினேன்.

ஒன்பதாவது வாரம் வந்த தொழில்நுட்பர் வேலையை நாற்பது நிமிடத்தில் முடித்தார். கம்பத்திலிருந்து இன்னொரு கறுப்புக் கம்பி தெருவைக் கடந்து, கீழ்வீட்டுக் கம்பிக்கு ஒரு சாண் மேலே, எங்கள் சன்னல் சட்டத்தில் துளையிட்டு உள்ளே வந்தது. அவர் கையிலிருந்த கருவியில் எங்கள் முகவரி ‘முதல் மாடி ஃபிளாட்’ என்று இருந்தது. எங்களுக்கு வரும் கட்டண ரசீதில் ‘12ஏ’ என்று இருக்கிறது. கீழ்வீட்டு அக்காவின் மகள் மாடிக்கு வந்து, தங்கள் இணைப்பு அறுபடாமல் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். சென்ற வாரம் ஒப்பீட்டுத் தளம் ஒன்றில் எங்கள் போஸ்ட்கோடை மறுபடி அடித்துப் பார்த்தேன். பதினெட்டு முகவரிகள்தான் விரிந்தன.